புதுப்பிப்பு: எங்கள் அடுக்குமாடிக்கு ஆர்சிசிபி தேர்வு முடிந்தது

மீட்டர் அறையில் இருக்கும் ஒரே ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து, அதாவது ட்ரிப் ஆகி, மொத்த பிளாக்கும் இருட்டாகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது முடிவாகிவிட்டது.

மீட்டர் அறையில் 300 மில்லி ஆம்பியர் கசிவுக்கு, தாமதித்து விழும் எஸ் வகை. வீட்டு டிபிகளில் (சுவிட்ச்கள் இருக்கும் மின் விநியோகப் பெட்டி) 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே உடனே விழுவது. கசிவு உள்ள வீடு மட்டும் அணையும். வீடுகளுக்கு 'ஏ' வகைதான் வேண்டும் என்று வற்புறுத்தினேன். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் கசிவில் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) துடிப்பு கலந்திருந்தால், விலை குறைந்த 'ஏசி' வகை விழாமலே போகலாம்.

மாற்றிய பிறகும் இரண்டு ஆர்சிசிபி உள்ள ஒரு வீட்டில் ஹால் லைட்டைப் போட்டாலே ட்ரிப் ஆனது. டிபியைத் திறந்தால், அந்த லைட்டின் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) இன்னொரு ஆர்சிசிபியின் நியூட்ரல் பாரில் (நியூட்ரல் வயர்களைச் சேர்க்கும் பட்டை)! போன கரண்ட் அதே ஆர்சிசிபி வழியாகத் திரும்பாவிட்டால் அது விழத்தானே செய்யும். வயரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் ஆர்க் (மின்பொறி) விஷயம். லூஸ் கனெக்‌ஷனில் பறக்கும் பொறியை எம்சிபியும் (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு விழும் சுவிட்ச்) பிடிக்காது, ஆர்சிசிபியும் பிடிக்காது. அதற்கு ஏஎஃப்டிடி (பொறியைக் கண்டறிந்து கரண்டைத் துண்டிக்கும் கருவி) வேண்டும். விலை அதிகம் என்பதால் இப்போதைக்கு விரும்பியவர்களின் படுக்கையறை சர்க்யூட்டுக்கு மட்டும். மற்றவர்கள் ஏசி, கீசர் பாயிண்ட் திருகுகளையாவது எலெக்ட்ரீஷியனை வைத்து இறுக்கிவிடுங்கள்.