மறு: ‘சென்ட்ரல் சென்சிடைசேஷன்’ – ‘கூச்சமேற்றம்’ எனலாமா?

> ‘மைய நரம்பு மிகையுணர்திறனாக்கம்’ என்றே வைத்துக்கொள்வோம். பொருள் பிசகாது.

ஐயா, வணக்கம்.

வலிச் செய்தி ஓயாமல் வந்து, தண்டுவடமும் மூளையும் சின்னத் தூண்டலையும் பெரிதாக உணரும்படி ஆகிவிடுவதுதான் ‘சென்ட்ரல் சென்சிடைசேஷன்’. அதற்கு நீங்கள் சொன்ன சொல்லில் பொருள் பிசகாதுதான். ஆனால் வலியோடு இருப்பவரிடம் அதைச் சொல்ல முடியாது.

என் அம்மாவுக்கு அக்கி வந்து, கொப்புளமெல்லாம் ஆறி ஆறு மாதமாகியும் சேலைத் தலைப்பு முதுகில் உரசினாலே துடித்துப்போவார். மின்விசிறிக் காற்றுகூட ஆகாது. மருத்துவர் இரவுக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதினார். அது மனச்சோர்வு மாத்திரை என்று யாரோ சொல்லிவிட, “எனக்கென்ன பைத்தியமா?” என்று தொடவே மறுத்துவிட்டார்.

கடைசியில் கைகொடுத்தது பல்தான். “பல்லு கூசுறப்ப வெறும் தண்ணி பட்டாலே சுரீர்னு இருக்குல்ல? அது மாதிரி உன் தண்டுவட நரம்பு கூசிப்போயிருக்கும்மா. அந்தக் கூச்சத்தை அடக்கத்தான் இந்த மாத்திரை.” அன்றிரவே போட்டுக்கொண்டார்.

கூச்சம் என்றால் வெட்கமல்லவா என்று கேட்பீர்கள். பல் கூச்சத்தையும் கண் கூச்சத்தையும் யாரும் வெட்கமாக எடுத்துக்கொள்வதில்லையே. ‘ஏற்றம்’ சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: நாம் பெயரிடுவது ஒரு நிலைக்கு அல்ல, நிகழ்வுக்கு. காயத்துக்குப் பின் தண்டுவடமே மாறிவிடுகிறது என்று 1983இல் எலிகளிடம் காட்டினார் வலி ஆய்வாளர் கிளிஃபோர்ட் உல்ஃப். வலிச் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால், நரம்புச் செல்லில் செய்தியை வாங்கும் வாயில்களான என்எம்டிஏ ஏற்பிகளின் வாயை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலகி, கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. பிறகு சின்னச் செய்தியும் பெரிதாகக் கேட்கிறது. வெறும் தொடுகையும் வலியாக மூளைக்குப் போகிறது. அக்கியில் நரம்பும் சேதமாகிறது, அதனால் எல்லாப் பழியையும் தண்டுவடத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் சேலைத் தலைப்பு சுடுவதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். வலியை அடக்க மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைக்கு அமிட்ரிப்டிலின் வலுவூட்டுகிறது. மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட மிகக் குறைந்த அளவே அதற்குப் போதும்.

ஆகவே சென்சிடிவிட்டி ‘கூச்சம்’, சென்சிடைசேஷன் ‘கூச்சமேற்றம்’. தண்டுவடம், மூளையில் நிகழ்ந்தால் ‘மையக் கூச்சமேற்றம்’. காயம்பட்ட இடத்து நரம்பு முனையில் என்றால் ‘புறக் கூச்சமேற்றம்’. ஒவ்வாமை மருத்துவத்தில் வரும் சென்சிடைசேஷனுக்கு இது பொருந்தாது, அதற்கு வேறு சொல் வேண்டும்.

இன்னொன்று. ‘அக்யூட் பெயின்’ என்பதைக் ‘கடும் வலி’ என்று சொல்வதை விட்டுவிடலாமா? லேசான வலியும் அக்யூட்தான்; மூன்று மாதம் தாண்டினால்தான் நாட்பட்ட வலி. ‘புதுவலி’ எனக்குப் பிடித்திருக்கிறது.

வழக்கமாக வலிக்காத ஒன்று பட்டாலே வலிப்பதை ‘அலோடினியா’ என்பார்கள். அதற்குத் ‘தொடுவலி’ என்று எழுதிவைத்திருந்தேன். ஆனால் காற்று, குளிர் பட்டு வரும் வலியும் அதில் அடங்குமே, அம்மாவின் மின்விசிறியைப் போல. யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.