ரெய்டு 5: எழுதும் வேகத்தில் எந்த எண்ணை நம்புவது?

அரசலாறு:
கும்பகோணத்தில் வீட்டு கம்ப்யூட்டர், லினக்ஸ், 16 ஜிபி ரேம். 4 டிபி டிஸ்க் நாலு, லினக்ஸோட எம்டி மென்பொருளில் ரெய்டு 5 (நாலும் ஒரே டிஸ்க் மாதிரி, ஒண்ணு போனாலும் தரவு தப்பும்). கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு. டிடி (காப்பி பண்ற லினக்ஸ் கட்டளை) வைத்து 2 ஜிபி ஜீரோ எழுதினால் நொடிக்கு 1.6 ஜிபி காட்டுது. 100 ஜிபி ஃபோல்டரை காப்பி பண்ணினா கொஞ்ச நேரத்தில் 60 எம்பிக்கு இறங்கிடுது. ஏன்?

குடமுருட்டி:
1.6 ஜிபி உங்க ரேமோட வேகம், எழுதுறது முதலில் அங்கேதான் தேங்கும். தலைமடையில் ஓடுற தண்ணியைப் பார்த்து கடைமடை பாய்ஞ்சிடுச்சுன்னு சொல்ற கதை. நாலு டிஸ்கில் தரவு போறது மூணு பங்கு, மீதி ஒண்ணு பாரிட்டி (ஒரு டிஸ்க் போனா தரவை மீட்க உதவும் கணக்கு). ஒரு டிஸ்க் 150 எம்பின்னா உச்சமே 450தான்.

ரேமைப் போல இரண்டு மடங்கு, அதாவது 32 ஜிபி எழுதுங்க. டிடியில் எஃப்டேட்டாசிங்க் சேருங்க, டிஸ்கில் போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கு முடியும். கம்ப்ரஷன் போட்ட ஃபைல் சிஸ்டம்னா ஜீரோ எழுதிப் பயனில்லை, சுருங்கிடும். முதலில் எம்டிஸ்டாட்டில் (ரெய்டு நிலை காட்டும் ஃபைல்) ரீசிங்க், அதாவது பாரிட்டியைத் தரவோட ஒத்துவைக்கிற வேலை, ஓடுதான்னு பாருங்க. 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். அது முடியாம அளக்காதீங்க.

வெண்ணாறு:
எஃப்ஐஓவை (டிஸ்க் வேகம் அளக்கிற கருவி) மவுன்ட் பண்ணின ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைல் மேல ஓட்டுங்க. நேரா எம்டி டிவைஸ் மேல எழுதினா இருக்கிற வீடியோ எல்லாம் போச்சு.

4 கேபி ரேண்டம் எழுத்தில் எண் பரிதாபமா வரும், பயப்படாதீங்க. பழைய தரவு, பழைய பாரிட்டி படிக்கணும். புதுசு ரெண்டையும் எழுதணும். ஒண்ணுக்கு நாலு வேலை. ஒரு டிஸ்க் நொடிக்கு 80 வேலை செஞ்சா, நாலும் சேர்ந்து 80 எழுத்துதான்: 320 கேபி. வீடியோவுக்கு அந்த டெஸ்ட் தேவையே இல்லை. எஃப்ஐஓவில் டைரக்ட் 1 (ரேம் கேஷைத் தவிர்க்கும்) வைத்து, பிளாக் அளவு 1536 கேபி கொடுங்க (சங்க், அதாவது ஒரு டிஸ்குக்குப் போற துண்டு, 512 என்றால் மூணு தரவு டிஸ்குக்கு ஒரு முழு வரிசை, அதான் ஸ்ட்ரைப்). ஸ்ட்ரைப் கேஷை (ஸ்ட்ரைப்களைச் சேர்த்து வைக்கிற ரேம் இடம்) 256லிருந்து 4096 ஆக்கினா 64 எம்பி ரேம் போகும். ரீபூட் ஆனா பழையபடி 256தான்.

அரசலாறு:
பண்ணினேன். 380 எம்பியில் ஆரம்பிச்சு 60க்கு வந்துடுது. ஐஓஸ்டாட்டில் (ஒவ்வொரு டிஸ்க் சுமையும் காட்டும் கட்டளை) மூணாவது டிஸ்க் மட்டும் 100 சதவீதம், எழுத்துக் காத்திருப்பு 900 மில்லிசெகண்ட். மத்தது 20க்குள்ள.

குடமுருட்டி:
அப்போ அந்த ஒண்ணுதான். ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நிலை பற்றி வைக்கிற குறிப்பு) 199-ஆம் எண் ஏறினா சாட்டா கேபிள். 5, 197 (பழுதான இடங்களின் கணக்கு) ஏறினா டிஸ்கே பழுது. மூணும் பூஜ்யம்னா மாடல் நம்பரைத் தேடுங்க, எஸ்எம்ஆரா (தடங்கள் ஒண்ணு மேல ஒண்ணு படியுற வகை) இருக்கும். அதன் கேஷ் பகுதி நிரம்பினதும் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுதுது, மத்த மூணும் அதுக்காகக் காத்து நிக்குது. என்ஏஎஸ்ஸுக்குன்னு (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) விற்ற டிஸ்கிலும் எஸ்எம்ஆர் இருந்தது 2020-ல் வெளியே வந்த விஷயம், பெட்டி லேபிளை நம்பாதீங்க. சிஎம்ஆர் (தடங்கள் படியாத வகை) ஒண்ணு வாங்கி மாத்துங்க.

மாத்தி ரீபில்ட் (புது டிஸ்கில் தரவை நிரப்புற வேலை) ஓடும்போது யுபிஎஸ் இல்லாம விடாதீங்க. நடுவில் கரண்ட் போனா பாரிட்டியும் தரவும் ஒத்துப்போகாம நிக்கலாம்.