34 கிலோ பிள்ளைக்கு எவ்வளவு மருந்து?

ஜெலுத்தோங் அம்மா:
வணக்கம். என் மகனுக்கு 12 வயது, எடை 34 கிலோ. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்., உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று உறுதியாகிவிட்டது. டாக்டர் ஃபிங்கோலிமோட் மாத்திரை 0.25 மில்லிகிராம் தினமும் ஒன்று என்கிறார். பெரியவர்களுக்கு 0.5. என் அண்ணன், "பாதி மருந்து எப்படிக் கேட்கும்? நம் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள்" என்று வீட்டில் ஒரே சத்தம். இந்தப் பாதி எங்கிருந்து வந்தது?

மருந்தாளர் கே.எல்.:
அக்கா, அண்ணனிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 40 கிலோவும் அதற்குக் கீழும் 0.25, அதைத் தாண்டினால் 0.5. பெரியவர் 0.5 சாப்பிட்டால் ரத்தத்தில் எவ்வளவு மருந்து நிற்குமோ, சின்ன உடம்பில் 0.25 ஏறக்குறைய அதே அளவைக் கொடுக்கும் என்று பார்த்துத்தான் இதை வைத்தார்கள். என்னைக் கேட்டால் அதுவே போதும். பெரியவர்களிடம் வேலை செய்த மருந்து, அதே நோய், அதே ரத்த அளவு. ஒவ்வொரு மருந்துக்கும் பிள்ளைகளை வைத்துத் தனியாகச் சோதனை நடத்தி வருடக்கணக்கில் இழுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

செந்தூல்காரன்:
என் மகளுக்கும் இதே நோய்தான், அதனால் கேட்கிறேன். உடம்பு பாதியானால் மருந்து பாதி என்பதே சரியில்லையே. மருந்தை வெளியேற்றும் வேகம் எடையோடு நேராகக் குறையாது. 70 கிலோ ஆளோடு ஒப்பிட்டால் 35 கிலோ பிள்ளையின் வேகம் சுமார் 60 சதவீதம் இருக்கும் என்பதுதான் வழக்கமான கணக்கு. அப்படியென்றால் 34 கிலோ பிள்ளைக்குப் பாதி கொஞ்சம் குறைவுதானே?

மருந்தாளர் கே.எல்.:
நல்ல கேள்வி. ஆனால் இந்த மருந்தில் அந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாக உறைக்காது. பெரியவர்களிடம் 0.5, 1.25 இரண்டையும் சோதித்தார்கள். தாக்குதல், அதாவது நோய் திடீரென்று கிளம்புவது, ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5க்கு 0.18, 1.25க்கு 0.16. மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கு 0.40. இரண்டரை மடங்கு கொடுத்தும் கிடைத்தது அவ்வளவுதான், பக்கவிளைவு மட்டும் கூடியது. அதனால்தான் 1.25ஐக் கைவிட்டார்கள்.

செந்தூல்காரன்:
சரி, அளவை ஒத்துக்கொள்கிறேன். சோதனை வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 10 முதல் 17 வயது வரை 215 பிள்ளைகள் சேர்ந்த சோதனை 2018இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு ஃபிங்கோலிமோட், மறு பாதிக்கு வாரம் ஒருமுறை பழைய எம்.எஸ். மருந்தான இன்டர்ஃபெரான் ஊசி. மாத்திரை எடுத்தவர்களில் ஆறு பேருக்கு வலிப்பு வந்தது, ஊசி போட்டவர்களில் ஒருவருக்குத்தான். ரத்த அளவை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா? "பெரியவர்களைப் போலவே அளவு வந்துவிட்டது, சுபம்" என்று மூடியிருப்பார்கள். அளவு சரியா என்பது ஒரு கேள்வி, அந்த அளவைப் பிள்ளையின் மூளை தாங்குமா என்பது வேறு கேள்வி.

மருந்தாளர் கே.எல்.:
அதே சோதனையின் மற்ற எண்ணையும் போடுங்கள் அண்ணா. ஆண்டுக்குத் தாக்குதல் மாத்திரைக்கு 0.12, ஊசிக்கு 0.67. இந்த மருந்து அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதி பெற்றது 2010இல், பிள்ளைகளுக்கு 2018இல். இடையில் எட்டு வருடம் எத்தனை பிள்ளைகள் அந்த 0.67இல் உட்கார்ந்திருந்தார்கள்? பிள்ளைகளுக்கு ஆரம்ப வருடங்களில் பெரியவர்களைவிடத் தாக்குதல் அடிக்கடி வரும். காத்திருப்பதற்கும் விலை உண்டு.

செந்தூல்காரன்:
அந்த 0.67 உங்களுக்கு எப்படித் தெரிந்தது? சோதனை நடந்ததால்தானே!

மருந்தாளர் கே.எல்.:
மாட்டிவிட்டீர்கள். ஆனால் சோதனை எப்போதும் தெளிவாகச் சொல்லிவிடுவதில்லை. டெரிஃப்ளூனோமைடு என்ற இன்னொரு எம்.எஸ். மாத்திரையை எடுங்கள். 166 பிள்ளைகள், ஒரு பகுதிக்கு வெறும் மாத்திரை. முதல் தாக்குதல் வரும்வரை எவ்வளவு காலம் என்று பார்த்ததில் வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. ஏன்? எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளிகள் அதிகமாகத் தெரிந்த பிள்ளையைத் தாக்குதலுக்குக் காத்திருக்காமல் நேராக உண்மை மருந்துக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றியது நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கு மங்கிப்போனது. 2021இல் ஐரோப்பா 10 வயதுக்கு மேல் அனுமதித்தது, அமெரிக்கா அனுமதிக்கவில்லை. ஒரே சோதனை, இரண்டு தீர்ப்பு.

செந்தூல்காரன்:
அது வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டதன் கோளாறு. ஓக்ரெலிசுமாப் என்ற இன்னொரு எம்.எஸ். மருந்துக்கு வேறு வழியில் போனார்கள். முதலில் சின்னக் குழு, மருந்து ஏறியதும் ரத்தத்தில் பி செல்கள் (ஒரு வகை எதிர்ப்பு அணுக்கள்) எவ்வளவு குறைகின்றன என்று பார்த்து அளவை முடிவு செய்தார்கள். அப்புறம் ஃபிங்கோலிமோடோடு நேருக்கு நேர் பெரிய சோதனை. யாரும் மருந்தில்லாமல் இல்லை. நான் கேட்பது இதுதான்.

ஜாலான் ஈப்போ டீச்சர்:
இரண்டு பேரும் அக்காவை மறந்துவிட்டீர்கள். அக்கா, ஒரு விஷயம். தாக்குதலுக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் பிள்ளைக்குப் பசி கூடி முகம் வீங்கி எடை ஏறும். எங்கள் வீட்டில் அப்படித்தான். கிளினிக்கில் காலணியோடு நிறுத்தி 40.6 என்று எழுதிவிட்டார்கள், ஸ்டீராய்டு நின்றதும் முள் தானாக இறங்கியது. எடை 40க்கு மேல் நிலையாக நின்றால்தான் 0.5க்கு மாற்ற வேண்டும். ஒருநாள் முள் தாண்டியதற்காக மாற்றக்கூடாது, கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, நம் ஆசியப் பிள்ளைகளில் மோக் எதிர்ப்புரத நோய் (நரம்பின் மேலுறையைத் தாக்கும் வேறொரு நோய்) நிறைய. எம்.எஸ். மாதிரியே காட்டும், மருந்து வேறு. அந்த ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா?

ஜெலுத்தோங் அம்மா:
பார்த்தாயிற்று டீச்சர், இல்லை என்று வந்தது. அவனுக்கு இதுவரை சின்னம்மை வந்ததில்லை. அது பரவாயில்லையா?

மருந்தாளர் கே.எல்.:
பரவாயில்லை என்று விடக்கூடாது அக்கா, இதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அப்போது சின்னம்மை வந்தால் கடுமையாகலாம். நம் மலேசிய அரசாங்கத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை ஊசி கிடையாது, தனியாகப் போட்டிருந்தால்தான் உண்டு. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் மாத்திரை. முதல் மாத்திரையை ஆஸ்பத்திரியில் கொடுத்து ஆறு மணி நேரம் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள், இதயத் துடிப்பு குறையலாம் என்பதால். பின்னால் 0.25இலிருந்து 0.5க்கு மாறும் நாளிலும் அதே ஆறு மணி நேரம் உண்டு.

செந்தூல்காரன்:
வலிப்பு யாருக்காவது குடும்பத்தில் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தாளர் தம்பி இதற்கு மட்டும் சண்டை போட மாட்டார் என்று நினைக்கிறேன்.

மருந்தாளர் கே.எல்.:
இதற்குப் போட மாட்டேன். எட்டு வருடக் காத்திருப்புக்கு இன்னும் போடுவேன்.

ஜெலுத்தோங் அம்மா:
அண்ணனிடம் காட்டினேன். "இன்டர்ஃபெரான் பழைய மருந்து, ஊசியே பத்திரம்" என்று இப்போது அடுத்த சண்டையை ஆரம்பித்திருக்கிறார். அந்த 0.67ஐ எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிப்போகிறேன், சின்னம்மை பரிசோதனையை அவரே கேட்கட்டும்.