இன்டெக்ஸுக்கு “தள்ளெண்”: அணிக்குள் சுட்டி வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை) பழகும் பிள்ளைகளுக்கான கைந்நூலில் அரே (ஒரே வகை மதிப்புகளை வரிசையான அறைகளில் வைப்பது) பாடத்துக்கு ஒரு சொல் முடிவாக வேண்டும். அரேக்கு “அணி” போதும். தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் அணி என்றால் மேட்ரிக்ஸ். இலங்கையில் நமக்கு மேட்ரிக்ஸ் தாயம், ஆகவே மோதல் இல்லை. சிக்கல் இன்டெக்ஸில்தான், அதாவது எந்த அறை என்று காட்டும் எண்ணில்.

மவுஸ் ஏற்கெனவே சுட்டி. கணிதத்தில் வர்க்கம், கனம் காட்டும் சிற்றெண்ணும் சுட்டி. சீ மொழியில் நினைவக முகவரியைக் காட்டும் பொயின்டரும் சுட்டி. இன்டெக்ஸையும் அதே பெயரால் அழைத்தால் பிள்ளை எதைப் பிடிப்பது? “சுட்டெண்” என்றால் பரீட்சைத் தாளில் எழுதும் எண்தான் நினைவுக்கு வரும். அது ஆளை அடையாளம் காட்டும். எங்கிருந்து எண்ணுவது என்று சொல்லாது.

என் முன்மொழிவு “தள்ளெண்”. “நாலு வீடு தள்ளி” என்கிறோமே, அந்தத் தள்ளிதான்.

பாடத்தின் உதாரணம் புல்மோட்டை வீதி. ஊனோ என்ற ஆர்டுயினோ பலகையின் 4 முதல் 9 வரையான பின்களில் (இணைப்பு முனைகளில்) 6 எல்ஈடிகள், ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் தடையி. (0, 1 பின்கள் கணினியோடு பேசும் சீரியலுக்குரியவை; அவற்றில் எதையாவது மாட்டினால் செய்நிரல் ஏற்றும்போது தொல்லை.) திருகோணமலை, உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை என்று ஊருக்கொரு விளக்கு. பின் எண்களை “விளக்கு” என்ற அணியில் வைத்தால், விளக்கு[0] திருகோணமலை: புறப்பட்ட இடத்திலிருந்து 0 ஊர் தள்ளி. புல்மோட்டை 5 ஊர் தள்ளி. ஊர்கள் ஆறு, கடைசித் தள்ளெண் ஐந்து. ஏன் பூச்சியத்தில் தொடங்குகிறது என்று தனியாக விளக்கவே தேவையில்லை.

கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) செய்வதும் இதே கணக்கு. ஊனோவில் ஓர் இன்ட் (முழு எண் வகை) 2 பைட். அணி 300ஆம் முகவரியில் தொடங்கினால், 4 ஊர் தள்ளியிருக்கும் குச்சவெளி 308இல்.

மறுமொழி

தம்பி, கருத்து நன்றாக இருக்கிறது. சொல்தான் இடறுகிறது. வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள் என்கிறோம். “தள்ளெண்” ஒதுக்கிவிட்ட எண் போல ஒலிக்கிறது. “இடவெண்” என்றால் எவருக்கும் விளங்குமே? அதோடு, ஆஃப்செட்டுக்கு (தொடக்க முகவரியிலிருந்து உள்ள தூரத்துக்கு) என்ன சொல் மிஞ்சும்?

மறுமொழி

ஐயா, இடம் என்றதும் வாய் “முதலாம் இடம்” என்றுதான் தொடங்கும். பிள்ளையும் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் வரிகளை) 1இல் தொடங்கி 6இல் முடிப்பான். திருகோணமலை விளக்கு எரியாது. கடைசிச் சுற்று விளக்கு[6]ஐத் தேடும். அப்படியோர் அறை இல்லை. ஆனால் கம்பைலர் பெரும்பாலும் மறிக்காது, ஓடும்போது காவலுமில்லை. பக்கத்து 2 பைட்டில் கிடப்பதையே பின் எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

வாசிப்பது இவ்வளவோடு போகும். எழுதினால் கேடு அதிகம். ஒவ்வொரு ஊரிலும் நிற்கும் நேரத்தை இன்னோர் அணியில் வைத்து, அதன் [6]இல் எழுதினால் பக்கத்து மாறியின் (வேரியபிளின்) மதிப்பு அழிகிறது. பக்கத்தில் எது இருக்கிறது என்பது கம்பைலர் அடுக்கிய ஒழுங்கு. சம்பந்தமில்லாத ஒரு வரியைச் சேர்த்ததும் பிழை வேறிடத்தில் தலைகாட்டும். பிள்ளை வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பான். இதற்கு “எல்லை தாண்டல்” என்று எழுதியிருக்கிறேன். புல்மோட்டையையும் தாண்டினால் கொக்கிளாய்: வேறு மாவட்டம், வேறு ஆளின் காணி.

ஆஃப்செட்டுக்குப் “பெயர்வு” வைக்கலாம், பைட் கணக்கில். குச்சவெளியின் தள்ளெண் 4, பெயர்வு 8. இரண்டும் வேறு வேறு என்பது சொல்லிலேயே தெரியட்டும்.

மறுமொழி

தள்ளெண்ணுக்கு என் ஆதரவு. சுட்டியைப் பொயின்டருக்கென்றே விட்டுவைக்க இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது.

அணியின் மொத்தப் பைட்டை ஓர் அறையின் பைட்டால் வகுத்து நீளம் எடுப்போம்: 12 / 2 = 6. அணி அறிவித்த இடத்தில் இது சரி. அதே வரியை ஒரு சார்புக்குள் (ஃபங்ஷனுக்குள்) கொண்டுபோய் வைத்தால் திருகோணமலை விளக்கு மட்டும் எரியும். சார்புக்குள் போவது அணி அல்ல, அதன் தலைக்கு ஒரு சுட்டி; ஊனோவில் சுட்டியின் அளவு 2 பைட், ஆகவே 2 / 2 = 1. பின் எண்களை இன்ட்டுக்குப் பதில் 1 பைட் மட்டும் பிடிக்கும் ‘பைட்’ வகையில் வைத்திருந்தால் 2 / 1, உப்புவெளியும் சேர்ந்து எரியும். தீர்வு, நீளத்தையும் இரண்டாவது உள்ளீடாகச் சார்புக்குக் கொடுப்பது.

இதை விளக்கும் பத்தியில் இன்டெக்ஸும் “சுட்டி”யாக இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் விளங்காது. “சார்புக்குள் போவது சுட்டி, அதிலிருந்து எத்தனை அறை தள்ளி என்பது தள்ளெண்” என்று எழுதினால் ஒரே வாசிப்பில் பிடிபடும்.

ஐயா சொன்ன ஒலி இடறல் உண்மைதான். முதல் தடவை வரும் இடத்தில் “தள்ளெண்: தலையறையிலிருந்து எத்தனை அறை தள்ளி” என்று ஓரத்தில் அச்சிட்டுவிடுங்கள்.