மறு: காண்டாக்ட் லென்ஸ் ஃபிட்டிங் – பொருத்துதலா, படிமானமா?

அனைவருக்கும் வணக்கம்.

காண்டாக்ட் லென்ஸ் 'ஃபிட்டிங்'குக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் கலைச்சொல் பட்டியலுக்காகக் கேட்டு இந்த இழையைத் தொடங்கியபோது, காரணத்தைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. அதனால்தான் பாதி மடல்கள் காண்டாக்ட் லென்ஸின் பெயர் 'தொடுவில்லையா, ஒட்டுவில்லையா' என்று வேறு பக்கம் போய்விட்டன.

கீழக்கரையில் இருக்கும் ராத்தாவின் (அக்காவின்) மகன், என் மருமகன், டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு மருத்துவரிடம் மாதாமாதம் பணம் கட்டி உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறான். காப்பீட்டுக் கம்பெனிக்கும் அந்த மருத்துவருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் எல்லாம் அந்தப் பணத்துக்குள் அடக்கம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸ் போட ஆசைப்பட்டு, அதுவும் இதில் வருமா என்று கேட்டிருக்கிறான். "ஃபிட்டிங் நாங்கள் செய்வதில்லை, ஆப்டோமெட்ரிஸ்டிடம் (கண்ணை அளந்து கண்ணாடி, லென்ஸ் எழுதித் தருபவரிடம்) அனுப்புகிறோம், அந்தக் கட்டணம் தனி" என்று பதில் வந்ததாம்.

இதை ராத்தாவுக்கு போனில் விளக்கினேன். "லென்ஸைப் பொருத்துறதுக்குத் தனிக் காசு" என்றேன். "அதை இவனே கண்ணுல வச்சுக்க மாட்டானா? வளையல் வாங்குன கடையிலயே போட்டுவிடக் கூலி கேட்ட கதையால்ல இருக்கு!" என்றார். அவர் புரிந்துகொண்டதில் பிழையே இல்லை. நான் சொன்ன சொல் அப்படி.

பல்பைப் பொருத்துகிறோம், குழாயைப் பொருத்துகிறோம். வள்ளத்தின் பலகையைப் பொருத்தினால் அசையக் கூடாது, அசைந்தால் தண்ணீர் ஏறும். லென்ஸ் சங்கதி நேர் எதிர். மெத்து லென்ஸ் ('சாஃப்ட்' லென்ஸ்) ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அரை மில்லிமீட்டருக்குள் கொஞ்சம் நகர்ந்து திரும்ப வேண்டும். அடியில் கண்ணீர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கருவிழியின் மேல்படலத்தில் ரத்தக் குழாய் கிடையாது. அது காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் ஆக்சிஜன் எடுக்கிறது. லென்ஸ் இறுகிப் பிடித்தால் கண் சிவந்து உறுத்தும். தளர்ந்தால் இமைக்கிற போதெல்லாம் பார்வை கலங்கும்.

அதனால் முதலில் கருவிழியின் வளைவை அளக்கிறார்கள் (சராசரி ஆரம் 7.8 மி.மீ.). பிறகு 8.4, 8.6 என்று லென்ஸின் வளைவும், 14 மி.மீ. அளவில் விட்டமும் பார்த்து ஒரு சோதனை லென்ஸைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதன் பின், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தபடி கீழிமையை விரலால் மெல்லத் தள்ளி, லென்ஸ் நகர்ந்து எப்படித் திரும்புகிறது என்று கவனிக்கிறார்கள். பவரும் மாறும். மூக்குக்கண்ணாடி கண்ணைவிட்டு ஏறத்தாழ 12 மி.மீ. தள்ளி இருப்பதால், கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் மைனஸ் 5.5 அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடிச் சீட்டைக் காட்டி லென்ஸ் வாங்க முடியாது என்பது இதனால்தான்.

அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஃபிட்டிங்கை ஒரு நடைமுறையாகவே வரையறுக்கிறது: கண் பரிசோதனைக்குப் பின் தொடங்கி, லென்ஸ் சரியாக அமைந்தது என்று உறுதியாகும்போது முடிகிறது, தேவைப்படும் மறுபரிசோதனைகளும் அதில் சேரலாம். முடிந்ததும் சீட்டை நோயாளி கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். ஆகவே 'முடிந்தது' என்று சொல்லத் தோதான சொல் நமக்கு வேண்டும்.

'பொருத்தம்' என்ற யோசனைக்கு நன்றி. ஆனால் 'லென்ஸ் பொருத்தம் பார்த்தாச்சா?' என்று கேட்டால் எங்கள் தெருவில் ஜாதகத்தைத்தான் எடுப்பார்கள்.

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தொண்டி காக்கா (அண்ணன்) எழுதியதுதான் என் மனத்தில் நின்றது: "கடையில நாங்க 'லென்ஸ் நல்லா உக்காந்திருச்சு'ன்னுதான் சொல்வோம்." அதை எழுத்துநடைக்குக் கொண்டுவந்தால் 'அமர்வு'. அது கருத்தரங்குகளுக்குப் போய்விட்ட சொல். 'படிமானம்' எப்படி? தையற்காரரிடம் புழங்குவது, ஒட்டிக்கொள்ளாமல் இசைந்து கிடப்பதைச் சொல்வது. செயலுக்கு 'படிமானம் பார்த்தல்': நாடி பார்ப்பது போல, பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. இறுக்கப் படிமானம், தளர்ப் படிமானம் என்றும் நீட்டலாம்.

'தொடுவில்லை' கண்ணீரில் மிதக்கிறதே, தொடவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் குறை 1888-இல் கண் மருத்துவர் அடால்ஃப் ஃபிக் வைத்த 'காண்டாக்ட்' என்ற பெயரிலேயே உண்டு. பழகிவிட்டது, விடுங்கள்.

மாதக் கட்டண மருத்துவத்துக்கு 'மகமை மருத்துவம்' என்ற யோசனை அழகுதான். ஆனால் மகமை, வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் பங்கு, சரக்கின் அளவுக்கு ஏற்பக் கூடும், குறையும். இது மாறாத தொகை. ஜமாஅத்துக்கு நாங்கள் கட்டுவது சந்தா, பத்திரிகைக்குக் கட்டுவதும் சந்தா. 'சந்தா மருத்துவம்' போதும். வடக்கிலிருந்து வந்த சொல் என்று யாராவது கிளம்பினால் நான் படகேறிவிடுவேன்.

*

மறுமொழி – இராமேசுவரத்திலிருந்து

படிமானத்தை ஏற்கிறேன். 'படிவு' என்று சுருக்கிவிடாதீர்கள். கண்ணீரிலிருக்கும் புரதம் லென்ஸில் படிவதற்கு அந்தச் சொல் வேண்டும்.

இன்னொன்று. இங்கே 22 தீர்த்தமும் ஆட வருகிறவர்களில் லென்ஸ் போட்டவர்களும் உண்டு. வாளித் தண்ணீர் தலையில் விழுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும், கடலுக்கும் அதே. தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் தங்கினால் பார்வைக்கே ஆபத்து. லென்ஸ் கழுவும் 'சொல்யூஷனை' உப்புக்கரைசல் என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். உப்புக்கரைசல் கிருமியைக் கொல்லாது. பெயரைப் பார்த்துவிட்டு யாராவது வீட்டில் உப்பைக் கரைத்துவிடப் போகிறார்கள்!

*

மறுமொழி

ஏற்றேன் அண்ணா. 'கிருமிநீக்கக் கரைசல்' என்று பட்டியலில் சேர்க்கிறேன்.

ராத்தாவிடம் திரும்பவும் பேசினேன். "படிமானம் பாக்குறதுக்குத்தான் காசு, போட்டுவிடுறதுக்கு இல்ல" என்றேன். "அப்படிச் சொல்லு" என்றவர், ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யும்போது என்ன செய்வான் என்று அடுத்ததைக் கேட்டார். இமையை மூடி முகம் கழுவச் சொல்லுங்கள், கண்ணுக்குள் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்றேன். அப்புறம் அந்த மாதச் சந்தா எவ்வளவு என்றார். அதை அவன் எனக்கும் சொல்லவில்லை.