தங்கச்சியின் சிவியை (சுயவிபரக் கோவையை) எப்படிச் சுருக்கலாம்?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. தங்கச்சி எச்.என்.டி.ஏ. (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடித்துவிட்டு யாழ்ப்பாண நகரில் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். சிவி நாலு பக்கம்! முதல் பக்கம் முழுக்க அடையாள அட்டை இலக்கம், சமயம், பாடசாலை வலைப்பந்தாட்ட அணி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கடையொன்றில் குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் பில் பதிந்து, மாதக் கடைசியில் வங்கிக் கூற்றோடு கணக்குச் சரிபார்த்த அனுபவம் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்து கிடக்கிறது. அதுதானே அவர்களுக்குத் தேவை? மேலே ஏற்று என்றால், "எல்லாரும் இப்படித்தான் போடுகினம்" என்கிறாள்.

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு முழுவதும் வேண்டுமா, கணிதமும் ஆங்கிலமும் மட்டும் காணுமா? அவளைப் பற்றி விசாரிக்க உறவினர் அல்லாத இருவரின் பெயர் கேட்டிருக்கிறார்கள். விரிவுரையாளரோடு கடை முதலாளியையும் போடலாமோ? ஆள் எடுக்கும் பக்கம் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேணும்.