வெள்ளை சேஜ் கட்டிங் அடியில் கறுத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

தெற்குக் கலிபோர்னியாவில் தோட்டம் போடுகிறவர்கள் கொஞ்சம் பாருங்கள். வெள்ளை சேஜ் (சால்வியா அபியானா, இங்கத்திய மணமுள்ள புதர்ச்செடி) கட்டிங் 12 வைத்ததில் 9, மூன்றாம் வாரமே மண் மட்டத்தில் கறுத்துச் சாய்ந்துவிட்டன.

பூக்காத, பாதி முற்றிய தண்டு, 10 செ.மீ. கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கல்) கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி கலந்து நட்டது. மேலே பிளாஸ்டிக் மூடி. சந்தேகம் மூடி மேல்தான்: இலை முழுக்க இருக்கும் வெள்ளை மயிர் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. திறந்து வைத்தாலோ இரண்டே நாளில் வாடுகிறது. கோகோபீட்டை விட்டுவிட்டு வெறும் பியூமிஸில் (நுரைக்கல்) வேர் பிடித்ததா யாருக்காவது? விதைக்கு முளைப்பு ரொம்பக் குறைவு. புகைநீரில் (புகையைக் கரைத்த தண்ணீர்) ஊறவைத்துப் பார்த்தவர்களும் சொல்லுங்கள்.

மலையடிவாரத்தில் பறித்துக்கொள் என்று மட்டும் வேண்டாம். புகைக்கட்டு (காய்ந்த இலையைக் கட்டிக் கொளுத்திப் புகை போடுவது) விற்பனைக்காக இங்குள்ள வடக்கு எட்டிவாண்டா இயற்கைக் காப்பகத்தில் மூட்டை மூட்டையாகத் திருடுகிறார்கள்.

இந்தச் செடி எனக்கு வேண்டியதே அதன் விதைக்காகத்தான். கவீயா மக்கள் (தெற்குக் கலிபோர்னியப் பழங்குடியினர்) இலையைத் தண்ணீரில் கசக்கித் தலைக்குத் தேய்ப்பார்கள், விதையை அரைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். கண்ணில் தூசி விழுந்தால் இமைக்குள் ஒரு விதை! நம் சப்ஜா மாதிரி வழவழவென்று உப்பி, தூசியை ஒட்டிக்கொண்டு வெளியே வரும். (துளசிக் குடும்பம்தானே.)

மிச்சம் 3 கட்டிங்கைத் தரையில் எப்போது நடுவது? கோடையில் நட்டால் தண்ணீர் விட்டாக வேண்டும், விட்டால் வேர் அழுகும். நவம்பர் மழைவரை தொட்டியிலேயே தாங்குமா?